ஆழ்துயிலும் மூளையின் குருதியோட்டமும்

முன்னுரை

உறக்கத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. துயில், உறக்கம், துஞ்சல், கண்படை, நித்திரை என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றுள் 'துஞ்சுதல்' என்னும் சொல் தனி நோக்கிற்குரியது. உறங்குதல், இறத்தல் ஆகிய இரு பொருளும் அதற்கு உண்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் எனச் சங்க கால வேந்தர்கள் தாம் உயிர்நீத்த இடத்தால் சுட்டப்பெற்றதைப் புறநானூற்றில் காண்கிறோம். திருவள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில் இறப்பை உறக்கத்திற்கும் பிறப்பை விழிப்பிற்கும் ஒப்பிடுகிறார்.

இவ்வொப்புமை கண்ணால் கண்டதன் வழிப் பிறந்தது. ஆழ்ந்து உறங்குபவரின் உடல் அசைவற்றுக் கிடக்கிறது. அழைத்தால் விடையில்லை, விளக்கேற்றினாலும் விழி திறப்பதில்லை. அந்நிலையில் மூளையும் ஒருசேர அடங்கிவிடுகிறது என்றே உலகெங்கும் நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. அந்த எண்ணம் சரிதானா? ஆழ்துயிலில் மூளையின் எப்பகுதிக்குக் குருதி குறைகிறது, எப்பகுதிக்குக் குறையவில்லை, அதனால் நாம் அறிவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறைப்படி காண்போம்.

மூளையும் குருதியும்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் அது 2 விழுக்காடே ஆகும். ஆயினும் உடல் ஓய்ந்திருக்கும்போது பயன்படுத்தும் உயிர்வளியில் சுமார் 20 விழுக்காட்டை அவ்வுறுப்பு ஒன்றே எடுத்துக்கொள்கிறது. விழித்திருக்கும் நிலையில் 100 கிராம் மூளைத் திசுவுக்கு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 50 மில்லி லிட்டர் குருதி பாய்கிறது. மூளை முழுவதற்கும் கணக்கிட்டால் நிமிடத்திற்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். தசையைப்போல் எரிபொருளைச் சேமித்துவைக்கும் வசதி மூளைக்கு மிகக் குறைவு. எனவே குருதி ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இக்குருதி எல்லாப் பகுதிக்கும் எந்நேரமும் ஒரே அளவில் செல்வதில்லை. ஏரிப் பாசனத்தில் எந்த வயலுக்கு நீர் வேண்டுமோ அந்த வயலின் மடையைத் திறப்பது போல, எப்பகுதி உழைக்கிறதோ அப்பகுதியின் நுண்தமனிகள் விரிந்து மிகுதியான குருதியை விடுகின்றன. இவ்வுண்மையை 1890-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராய், ஷெரிங்டன் என்னும் இருவர் தெளிவாக எடுத்துரைத்தனர். அவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்னரே இத்தாலி நாட்டு அறிஞர் ஏஞ்சலோ மொஸ்ஸோ இதற்கு ஒரு முன்னோட்டம் கண்டார். தலையில் அடிபட்டு மண்டையோட்டில் திறப்பு ஏற்பட்டிருந்த பெர்ட்டினோ என்னும் உழவரின் மூளைத் துடிப்பை அவர் கருவியால் பதிவு செய்தார். நண்பகலில் தேவாலய மணி ஒலித்தபோது அத்துடிப்பு உயர்ந்தது. அதே நேரத்தில் முன்கையின் நாடித் துடிப்பில் அவ்வாறான மாற்றம் இல்லை. மனத்தில் நிகழ்வது மூளையின் குருதியில் தெரியும் என்பதற்கு அது தொடக்கச் சான்றாயிற்று.

இதனால் பெறப்படுவது யாதெனில், ஓரிடத்துக் குருதியோட்டத்தை அளந்தால் அவ்விடத்து நரம்பணுக்களின் உழைப்பை ஒருவாறு மதிப்பிடலாம் என்பதே. உறக்க ஆய்வுக்கு இக்கருத்தே அடிப்படை.

உறக்கத்தின் படிநிலைகள்

உறக்கம் ஒரே தன்மையது அன்று என்பதை முதலில் காட்டியது மூளையின் மின்னலை வரைவு ஆகும். செருமனி நாட்டு மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். 1937-இல் அமெரிக்காவின் லூமிஸ் குழுவினர் உறக்கத்தைப் படிநிலைகளாகப் பகுத்தனர். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசையும் உறக்கத்தைக் கண்டறிந்தனர். தெளிவான கனவுகள் பெரிதும் தோன்றுவது அப்போதுதான். அதனைக் கனவுறக்கம் என இக்கட்டுரையில் குறிப்போம்.

விழிப்பின்போது மின்னலைகள் சிறியனவாய், விரைவுடையனவாய், ஒழுங்கற்றனவாய் இருக்கும். உறக்கம் ஆழமாக ஆக அவை உயர்ந்து, மெதுவாகி, ஒன்றுபடுகின்றன. ஒரு நொடிக்கு 4-க்கும் குறைவாக எழும் இப்பேரலைகள் டெல்டா அலைகள் எனப்படும். இவை மிகுந்திருக்கும் உறக்கமே ஆழ்துயில். முன்னர் மூன்றாம், நான்காம் நிலைகள் என இரண்டாகப் பகுக்கப்பட்டிருந்த இதனை 2007-ஆம் ஆண்டு முதல் ஒரே நிலையாகக் கொள்கின்றனர்.

ஓரிரவில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுழற்சியாக உறக்கம் அமைகிறது. இளம் பருவத்தினரிடம் உறக்க நேரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆழ்துயில் ஆகும். அதன் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றிலொரு பாகத்திலேயே அமைந்துவிடுகிறது. விடியலை நெருங்க நெருங்கக் கனவுறக்கம் மிகுகிறது. முதுமையில் ஆழ்துயில் இயல்பாகவே குறைந்துவிடுகிறது. எனவே முதியோர் நள்ளிரவில் பலமுறை விழித்துக்கொள்வதைக் கண்டு இளையோர் வியத்தலோ சலித்தலோ வேண்டா.

முதல் அளவீடும் முரணான முடிவும்

மூளையின் குருதியோட்டத்தை மனிதரிடத்தில் எண்ணளவில் அளக்கும் முறையை 1940-களில் அமெரிக்காவின் செய்மூர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் உருவாக்கினர். ஒருவரைச் சிறிதளவு நைட்ரஸ் ஆக்சைடு வளி கலந்த காற்றைச் சில நிமிடங்கள் சுவாசிக்கச் செய்வர். மூளைக்குச் செல்லும் குருதியிலும் மூளையிலிருந்து கழுத்துச் சிரை வழியே திரும்பும் குருதியிலும் அவ்வளியின் அளவு எவ்வாறு மாறுகிறது என்பதைக் கண்டு, ஓட்டத்தைக் கணக்கிடுவர். பொருள் பாதுகாப்பு விதியை மட்டும் துணைக்கொண்ட எளிய, அழகிய முறை அது.

இம்முறையால் உறங்கும் இளைஞர்களை ஆராய்ந்து 1955-இல் மேங்கோல்ட், சோகோலாஃப், கெட்டி முதலானோர் முடிவை வெளியிட்டனர். உறக்கத்தில் மூளையின் குருதியோட்டம் குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது வியப்பளித்தது. ஓட்டம் குறையவில்லை, மாறாகச் சற்றே கூடியிருந்தது. மூளை பயன்படுத்திய உயிர்வளியின் அளவிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இம்முடிவிலிருந்து இரு கருத்துகள் எழுந்தன. மூளை உறக்கத்தில் அடங்கிவிடுவதில்லை என்பது ஒன்று. அது மெய்யே. உறக்கத்தால் மூளைக்கு ஓய்வே இல்லை என்பது மற்றொன்று. இது நிலைக்கவில்லை. கழுத்துச் சிரையில் ஊசியும் முகத்தில் மூடியுமாகக் கிடப்பவருக்கு ஆழ்துயில் வாய்ப்பது அரிது. மேலும் கெட்டியின் முறை மூளை முழுமைக்கும் சேர்த்து ஒரே சராசரியைத்தான் தரும். ஒரு வட்டத்தின் மொத்த விளைச்சலை மட்டும் அறிந்தவர் எந்த ஊரில் வறட்சி, எந்த ஊரில் செழிப்பு என்று சொல்ல இயலாது அன்றோ? அதுபோன்றதே இந்நிலையும்.

மொத்தத்திலிருந்து பகுதிக்கு

1960-களில் டென்மார்க்கின் லாசன், சுவீடனின் இங்வார் ஆகியோர் கதிரியக்கமுடைய செனான் வளியைக் கொண்டு மூளையின் பகுதிவாரிக் குருதியோட்டத்தை அளக்க வழிகண்டனர். 1970-களில் இவ்வளியைச் சுவாசிக்கச் செய்து நடத்திய ஆய்வுகளில், ஆழ்துயிலின்போது ஓட்டம் குறைவது தெரியவந்தது. 1991-இல் கோபன்ஹேகனில் மேட்சன், லாசன் முதலானோர் மின்னலை வரைவால் உறக்கநிலையை உறுதிசெய்துகொண்டு கெட்டியின் முறையையே மீண்டும் கையாண்டனர். ஆழ்துயிலில் மூளையின் உயிர்வளிப் பயன்பாடு சுமார் 25 விழுக்காடு குறைந்திருந்தது. கனவுறக்கத்திலோ அது விழிப்பு நிலையின் அளவை ஒட்டியே இருந்தது. முறை பழையதாயினும் உறக்கத்தின் நிலையைப் பிரித்தறிந்தமையால் விடை மாறிற்று.

இதற்கு ஓராண்டு முன், 1990-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் மாக்கே குழுவினர், மூளை பயன்படுத்தும் குளுக்கோசு ஆழ்துயிலில் விழிப்பைவிட 40 விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைவதைப் பாசிட்ரான் உமிழ்வு வரைவி கொண்டு காட்டினர்.

இவ்வரைவியின் செயல்முறையை இங்கே சுருங்கக் கூறுவது தகும். கதிரியக்க உயிர்வளி அணு சேர்ந்த நீரைச் சிறிதளவு சிரையில் செலுத்துவர். குருதி எங்கு மிகுதியாகப் பாய்கிறதோ அங்கு அந்நீரும் மிகுதியாகச் சேரும். அவ்வணுக்கள் சிதையும்போது எழும் கதிர்களைத் தலையைச் சுற்றியுள்ள உணர்விகள் பதிந்து படமாக்குகின்றன. இவ்வணுவின் அரைவாழ்வு ஏறத்தாழ 2 நிமிடங்களே. ஆகவே அதனை ஆக்கும் சைக்ளோட்ரான் எந்திரம் அருகிலேயே இருத்தல் வேண்டும். அவ்விரைவே ஒரு நன்மையுமாகும். முந்தைய ஊசியின் கதிரியக்கம் விரைவில் அற்றுப்போவதால், ஒரே இரவில் ஒருவரைப் பலமுறை படமெடுத்து, விழிப்பு, ஆழ்துயில், கனவுறக்கம், மீண்டும் விழிப்பு என நிலைக்கு நிலை ஒப்பிட முடிகிறது. குளுக்கோசு முறையில் ஒரு படத்திற்கே அரைமணி அளவு வேண்டும். அதற்குள் உறக்கத்தின் நிலை மாறிவிடக்கூடும்.

எப்பகுதிகள் ஓய்கின்றன?

1997-ஆம் ஆண்டு இத்துறையில் நினைவுகூரத்தக்கது. பெல்ஜியத்தில் மாக்கே குழுவினரும், அமெரிக்காவின் பெதஸ்டாவில் ஆலன் பிரவுன் குழுவினரும், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹோஃப்லே குழுவினரும் அவ்வாண்டில் தத்தம் ஆய்வுகளை வெளியிட்டனர். மூன்று நாட்டாரும் கண்டவை பெரும்பாலும் ஒத்திருந்தன.

முதலாவது, மூளைத்தண்டு. மூளையை விழிப்பில் நிறுத்தும் நரம்பணுத் தொகுதிகள் இங்குள்ளன. ஆழ்துயிலில் இங்குக் குருதியோட்டம் குறைகிறது.

இரண்டாவது, தலாமஸ். கண், செவி, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள் பெருமூளைப் புறணிக்குச் செல்லும் வாயில் இதுவே. டெல்டா அலைகள் எவ்வளவு மிகுகின்றனவோ அவ்வளவுக்குத் தலாமஸின் குருதியோட்டம் குறைகிறது என்பதை மாண்ட்ரியல் ஆய்வு காட்டிற்று. உறங்குபவர் காதருகே பேசினாலும் கேளாதிருப்பதற்கு, வாயிலில் நிகழும் இம்மாற்றம் ஒரு காரணம் எனலாம்.

மூன்றாவது, மூளையின் அடித்தள நரம்பு முடிச்சுகளும் முன்மூளையின் அடிப்பகுதியும். இயக்கத்தையும் விழிப்புணர்வையும் நெறிப்படுத்துவதில் இவற்றிற்குப் பங்குண்டு.

நான்காவது, பெருமூளைப் புறணியின் இணைப்புப் பகுதிகள். திட்டமிடல், எடைபோடல், அடக்கிக்கொள்ளல் ஆகியவற்றிற்குரிய நெற்றிமடலின் முற்பகுதியும், இடத்தையும் கவனத்தையும் ஒருங்கிணைக்கும் சுவர்மடலின் பகுதிகளும் இவற்றுள் அடங்கும். இங்குக் குறைவு மிகுதி.

ஆனால் ஒளியை முதலில் பெறும் பிடரிப் பகுதி, ஒலியை முதலில் பெறும் பொட்டுப் பகுதி முதலிய முதனிலைப் புலன் பகுதிகளில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர் கஜிமுராவும் உடனுழைத்தோரும் இதனை மேலும் தெளிவாக்கினர். இலேசான உறக்கத்தில் இடப்பக்க நெற்றி, சுவர்மடல்களின் சில பகுதிகளிலேயே குறைவு தோன்றுகிறது. நடுமூளையில் ஓட்டம் குறைவதில்லை. ஆழ்துயிலில் நடுமூளையும் அடங்குகிறது. பிடரி மடலும் உடலியக்கப் புறணியைச் சூழ்ந்த பகுதியும் தவிர ஏனைய புறணி முழுவதும் இருபுறமும் குருதி குறைகிறது. ஆக, உறக்கம் ஒரே வீச்சில் விழும் திரை அன்று; படிப்படியாக இறங்கும் படிக்கட்டு.

கனவுறக்கம் வந்ததும் இப்படம் மாறுகிறது. மூளைத்தண்டு, தலாமஸ், உணர்ச்சிக்குரிய அமிக்டலா முதலியவை மீண்டும் குருதி பெறுகின்றன. நெற்றிமடலின் முற்பக்கப் பகுதிகள் மட்டும் ஓய்விலேயே இருக்கின்றன. கனவில் அச்சமும் மகிழ்ச்சியும் மிகுந்து, முன்பின் பொருத்தம் மட்டும் குறைந்திருப்பதை இதனோடு இணைத்து எண்ணுகின்றனர்.

ஒப்பளவு பற்றிய எச்சரிக்கை

இப்படங்களைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். பல ஆய்வுகளில் தரப்படுவது ஒப்பளவு, தனியளவு அன்று. மூளை முழுவதன் சராசரியோடு ஒப்பிட்டு ஒரு பகுதி கூடியது, குறைந்தது எனக் கூறுவர். ஐவர் உள்ள குடும்பத்தில் நால்வரின் வருவாய் குறைந்து ஒருவரின் வருவாய் மாறாதிருந்தால், குடும்பச் சராசரியோடு ஒப்பிடும்போது அவ்வொருவர் செல்வம் பெருகியவர்போல் தோன்றுவார். டெல்டா அலை மிகும்போது பார்வைப் புறணியில் குருதி கூடுகிறது எனச் சில ஆய்வுகள் கூறுவதை இவ்வாறு எச்சரிக்கையோடு நோக்குதல் நன்று. எண்ணைக் காணும் முன் எதனோடு ஒப்பிட்ட எண் அது என்று வினவுவதே ஆய்வு நெறி.

ஏன் ஓய்கின்றன?

விழித்திருக்கும்போது மூளைத்தண்டிலிருந்து எழும் வேதித் தூதுப் பொருள்கள் தலாமஸையும் புறணியையும் கிளர்ச்சியில் வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை குறைகின்றன. தலாமஸின் அணுக்கள் செய்தியைக் கடத்தும் தன்மையை இழக்கின்றன. புறணியின் நரம்பணுக்கள் பெருந்தொகையாக ஒன்றுசேர்ந்து சிறிது நேரம் இயங்கி, சிறிது நேரம் முற்றிலும் மௌனம் கொள்கின்றன. 1993-இல் ஸ்டெரியாடே குழுவினர் விளக்கிய இம்மெல்லசைவே பேரலைகளுக்கு அடிப்படை. மௌனக் காலத்தில் உழைப்பில்லை. உழைப்பு குறைந்தால் தேவை குறையும். தேவை குறைந்தால் குருதி குறையும்.

எனினும் மூளையின் சில பகுதிகளில் மட்டும் இவ்வோய்வு ஆழமாக அமைவது ஏன்? இதற்கு 2004-இல் ஹூபர், டோனோனி முதலானோர் நடத்திய ஆய்வு வழிகாட்டுகிறது. கைவினையோடு தொடர்புடைய ஒரு பயிற்சியை உறங்கும் முன் செய்தவர்களின் மின்னலையை அவர்கள் ஆராய்ந்தனர். அப்பயிற்சிக்குப் பயன்பட்ட வலப்புறச் சுவர்மடல் பகுதியில் பேரலைகள் தனியாக உயர்ந்திருந்தன. அவ்வுயர்வு மிகுந்தவர்களிடம் மறுநாள் அப்பயிற்சியில் முன்னேற்றமும் மிகுந்திருந்தது. 2006-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், பகல் முழுவதும் ஒரு கையை அசையாமல் கட்டிவைத்தபோது அக்கைக்குரிய புறணியில் அன்றிரவு பேரலைகள் குறைந்தன. மிக உழைத்த பகுதி மிக ஆழ்ந்து உறங்குகிறது. உழைக்காத பகுதி இலேசாக உறங்குகிறது. நாள் முழுவதும் எண்ணி, எடைபோட்டு, திட்டமிட்டுக் களைத்த நெற்றிமடலில் குருதி மிகுதியாகக் குறைவது இதனோடு பொருந்துகிறது.

ஓய்விலும் ஓர் இயக்கம்

பாசிட்ரான் வரைவி ஒரு நிமிட அளவில் சராசரி காட்டும். அதனினும் விரைவான காந்த ஒத்திசைவு முறையைக் கொண்டு 2008-இல் டாங்-வூ, மாக்கே முதலானோர் ஒவ்வொரு பேரலையையும் தனித்தனியே நோக்கினர். ஓர் அலை எழும் கணத்தில் நெற்றிமடலின் சில பகுதிகளிலும் புறணியின் பின்பக்க நடுப்பகுதிகளிலும் இயக்கம் சற்றே உயர்வதைக் கண்டனர். மொத்தத்தில் ஓய்வு, அதற்குள்ளே கணந்தோறும் எழும் இயக்கம் என இரண்டும் உண்மை. ஒரு பள்ளியில் வகுப்புகள் முடிந்து மாணவர்கள் சென்றபின் பெருக்குவோரும் அடுக்குவோரும் பணி தொடங்குவதை ஒத்தது இது.

2019-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லாரா லூயிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் ஒருபடி கொண்டுசென்றது. உறக்கத்தில் பேரலை எழுந்த சில நொடிகளில் மூளையின் குருதியளவு குறைகிறது. அதனைத் தொடர்ந்து மூளை தண்டுவட நீர்மம் உள்ளே பாய்கிறது. ஏறத்தாழ 20 நொடிகளுக்கு ஒருமுறை இவ்வேற்றவற்றம் நிகழ்கிறது. மண்டையோடு விரியாத பெட்டி. அதற்குள் குருதி குறைந்தால் அவ்விடத்தை வேறொன்று நிரப்பியாக வேண்டும். இக்கருத்தின் வித்து எடின்பர்க் மருத்துவர் அலெக்சாண்டர் மன்றோ 1783-இல் கூறியதிலேயே உண்டு. எனவே ஆழ்துயிலில் குருதி குறைவது வெறும் குறைவு அன்று. நீர்மத்திற்கு வழிவிடும் விலகலுமாகும்.

இந்நீர்மம் மூளையின் கழிவுகளை அகற்றுகிறதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2013-இல் நெடர்கார்டு குழுவினர், உறங்கும் எலிகளில் அணுக்களுக்கு இடையேயுள்ள வெளி விரிந்து கழிவகற்றல் விரைவடைவதாகக் காட்டினர். 2024-இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த குழுவினர், எலிகளின் உறக்கத்தில் அகற்றல் குறைவதாக மாறுபட்ட முடிவை வெளியிட்டனர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. நாளிதழ்களிலும் மேடைகளிலும் இதனை முடிந்த முடிபாகக் கூறுவதைக் கேட்கும்போது நாம் சற்று நிதானித்தல் வேண்டும்.

விழிப்பின் வரிசையும் விழித்திருத்தலின் விலையும்

உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்டோரை பால்கின், பிரவுன் முதலானோர் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டனர். விழித்த முதல் 5 நிமிடங்களிலேயே மூளைத்தண்டும் தலாமஸும் குருதியை மீளப் பெற்றுவிடுகின்றன. நெற்றிமடலின் முற்பகுதியோ அதன்பின் வரும் 15 நிமிடங்களில்தான் மெல்ல மீள்கிறது. கண் திறந்துவிட்டது, கால் நடக்கிறது, வாய் பேசுகிறது. ஆயினும் தீர்ப்பளிக்கும் பகுதி இன்னும் முழுதாக எழவில்லை. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கணக்குத் தவறுவதும் சொல் தடுமாறுவதும் இதனால் விளங்கும். எழுந்தவுடன் வண்டியின் சக்கரத்தைப் பிடிக்கும் ஓட்டுநருக்கும், இரவில் எழுப்பப்பட்டு மருந்தின் அளவைக் கூறும் மருத்துவருக்கும் இவ்வுண்மை உயிரோடு தொடர்புடையது.

உறக்கத்தை மறுத்தால் என்னவாகும்? அமெரிக்காவின் வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தார் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரம் உறங்காதவர்களின் மூளையில் குளுக்கோசுப் பயன்பாடு குறைந்திருந்தது. மிகுதியாகக் குறைந்த இடங்கள் தலாமஸும், நெற்றிமடலின் முற்பகுதியும், சுவர்மடலின் இணைப்புப் பகுதியும் ஆகும். அவர்களின் விழிப்பும் சிந்தனைத் திறனும் அதற்கேற்பத் தாழ்ந்தன.

இங்கே மூன்று பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஆழ்துயிலில் குருதி மிகக் குறையும் பகுதிகளுள் நெற்றிமடலின் முற்பகுதி உள்ளது. விழித்தபின் கடைசியில் மீளும் பகுதியும் அதுவே. உறங்காவிடில் முதலில் தளரும் பகுதிகளுள்ளும் அது உள்ளது. தலாமஸும் சுவர்மடலின் இணைப்புப் பகுதிகளும் முதற்பட்டியலிலும் இறுதிப் பட்டியலிலும் இடம்பெறுகின்றன. மூவேறு வழிகளில், மூவேறு நோக்கங்களோடு நடந்த ஆய்வுகள் ஓரிடத்தையே சுட்டுவது தற்செயல் எனக் கொள்வதற்கில்லை. இரவில் கட்டாயம் ஓய்வு வேண்டும் பகுதி, பகலில் அறிவின் தலைமைப் பொறுப்பை ஏற்கும் பகுதியே என்பது இதனால் பெறப்படுகிறது.

முடிவுரை

தேர்வுக்கு முன்னிரவு முழுவதும் விழித்துப் படிப்பதை ஊக்கத்தின் அடையாளமாக நம்மிற் பலர் போற்றுகிறோம். மேற்கண்டவை அதனை மறு எண்ணத்திற்கு உள்ளாக்குகின்றன. முழு இரவும் விழித்த மாணவர் தேர்வுக் கூடத்திற்குள் மனப்பாடத்தைக் கொண்டு செல்லக்கூடும். வினாவைப் புரிந்து, விடையை ஒழுங்குபடுத்தி, நேரத்தைப் பங்கிடும் பகுதியைத் தளர்ந்த நிலையிலேயே கொண்டு செல்கிறார். காலந்தாழ்த்திப் படுத்துச் சில மணி நேரமே உறங்கினாலும் முதற்பகுதியின் ஆழ்துயில் பெரிதும் கிட்டிவிடும். ஆயின் பின்னிரவின் கனவுறக்கம் குறைந்துபோகும். எதையும் இழக்காத சிக்கனம் இதில் இல்லை.

இதனால் நெடுந்துயிலைப் போற்றுகிறோம் எனக் கொள்ளற்க. சோம்பலால் படுத்துக் கிடத்தலை நம் முன்னோர் கடிந்தது சரியே. உழைத்தவரின் உறக்கம் வேறு, உழையாதவரின் கிடப்பு வேறு. உழைத்த பகுதியே ஆழ்ந்து உறங்கும் என்னும் ஆய்வு முடிவும் அவ்வேறுபாட்டையே நரம்பணுவின் அளவில் காட்டுகிறது.

ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்று செய்யலாம். எவ்வளவு நேரம் விழித்திருந்தாய் என்று பிள்ளைகளைக் கேட்பதோடு, எத்தனை மணிக்குப் படுத்தாய் என்றும் கேட்கலாம். விடுதிகளில் இரவு விளக்கணைக்கும் நேரத்தைக் கட்டுப்பாடாக மட்டும் கருதாமல் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதலாம்.

துஞ்சுதல் என்னும் சொல்லிலிருந்து தொடங்கினோம். இறந்தவரின் மூளையில் குருதியோட்டம் எங்கும் நின்றுபோகிறது. ஆழ்ந்து துஞ்சுபவரின் மூளையிலோ முறைப்பாசனம் நடக்கிறது. சில மடைகள் தாழ்த்தப்படுகின்றன. சில திறந்தே உள்ளன. தாழ்த்தப்பட்டவையும் விடியலில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் ஒழுங்குடன் காத்திருக்கின்றன. ஒரு சொல்லுக்குள் நம் மொழி சேர்த்துவைத்த இரண்டையும் அறிவியல் இவ்வாறு வேறு பிரித்துக் காட்டியுள்ளது.